ஹாரனை ஏன் ‘அடிக்கிறோம்’? காரின் குரலும் அதை வீட்டில் பழுதுபார்த்த காலமும்



சங்கை ஊதுகிறோம். மணியை அடிக்கிறோம். பொத்தானை அமுக்குகிறோம். சரி, ஹாரனை மட்டும் ஏன் ‘அடிக்கிறோம்’? வினைமரபுப் பாடத்தின்போது படிவம் 2 மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். கையால் நாம் செய்வது அமுக்குவது மட்டும். மலாய்மொழியில் ‘தெக்கான் ஹோன்’ என்பார்கள். ‘தெக்கான்’ என்றால் அமுக்கு. ஆங்கிலத்தில் ஹாரனை ஊதுவார்கள். அச்சொல்லின் பழைய பொருள் மாட்டுக் கொம்பு. கொம்பை வாயில் வைத்து ஊதத்தானே முடியும்? நீரிணைக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியாவில், ஹாரனுக்கே வேறு பெயர்: ‘கிளாக்சோன்’. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடப் போனதில் ஒரு வரலாறே கையில் கிடைத்தது. காரின் சத்தத்தைப் பற்றிய வரலாறு மட்டுமல்ல. ஹாரன் மக்கர் பண்ணினால் வீட்டு வாசலிலேயே கழற்றிச் சரிசெய்த ஒரு காலத்தின் வரலாறும்தான். விளக்கக் கட்டுரைக்கும் வாசிப்புப் பனுவலுக்கும் உதவலாம் என்று இங்கே எழுதுகிறேன். உங்கள் வகுப்புக்கு ஏற்றபடி வெட்டியோ ஒட்டியோ பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

விசில் ஊதத் தடை

1865ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் குதிரை இல்லாமல் சாலையில் ஓடிய வண்டி என்றால் அது நீராவி வண்டிதான். கனமானது, புகை கக்கும், குதிரைகளை மிரட்டும். அந்த ஆண்டு வந்த சட்டத்தைச் ‘சிவப்புக் கொடிச் சட்டம்’ என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வண்டிக்கு மூன்று ஆள் வேண்டும். அவர்களில் ஒருவர் 60 கஜம், அதாவது ஏறக்குறைய 55 மீட்டர், முன்னால் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். வேகம் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். நடந்து போகிறவரே முந்திக்கொண்டு போய்விடலாம்!

இந்தக் கொடிக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் அதே சட்டத்தில் இருந்த இன்னொரு விதியைச் சொல்வதில்லை. வண்டியின் விசிலை எந்தக் காரணத்துக்காகவும் ஒலிக்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. குதிரை மிரளும், வண்டி குடைசாயும், ஆள் சாவார்கள் என்ற பயம்தான். ஆக, எச்சரிக்கை செய்வது மனிதனின் வேலை. இயந்திரம் வாயைத் திறக்கவே கூடாது.

1878இல் அந்த விதிகள் கொஞ்சம் தளர்ந்தன. முன்னால் நடப்பவரின் தூரம் 20 கஜமாகக் குறைந்தது, கொடியும் கட்டாயமில்லை என்றானது. பிறகு 1896இல் புதுச் சட்டம். 3 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள வண்டிக்கு முன்னால் யாரும் நடக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: வண்டியில் ஒரு மணியோ, வண்டி வருவதைக் காதுக்குத் தெரிவிக்கக்கூடிய வேறு கருவியோ கட்டாயம் இருக்க வேண்டும். வாயைத் திறக்காதே என்று சொன்ன சட்டம், 31 ஆண்டுகளில், வாய் இல்லாமல் வெளியே வராதே என்று தலைகீழாகத் திரும்பிவிட்டது.

இந்த மாற்றத்தைச் சும்மா கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 1865 சட்டத்தின்படி, சாலையில் இருப்பவர்களுக்காக வண்டிதான் அடங்கிப் போக வேண்டும். 1896க்குப் பிறகோ வண்டி சத்தம் போடும், சாலையில் இருப்பவர் விலகிக்கொள்ள வேண்டும். ‘ஹாரன் அடிச்சேனே, ஏன் விலகல?’ என்ற வாதம் பிறந்த இடம் இதுதான். இன்று பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் நேரத்தில் நாம் கேட்கும் ஹாரன்களுக்குள்ளும் அந்த வாதம்தான் இருக்கிறது.

‘அடி’ என்ற வினைக்கு வருவோம். சட்டம் முதலில் பெயர் சொல்லிக் கேட்டது மணியை. நம் மக்களுக்கும் சத்தத்தால் ஆளைக் கூப்பிடுவது என்றால் மணிதான்: கோவில் மணி, பள்ளி மணி, சைக்கிள் மணி. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் அடித்து எழுப்பிய சத்தத்தால்தான். அடித்து எச்சரித்த பழக்கம் அப்படியே காருக்கும் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். இது ஊகம் மட்டுமே. இதைவிட நல்ல விளக்கம் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

சட்டம் மாறிய அதே 1896இல் சிங்கப்பூருக்கு முதல் கார் வந்து இறங்கியது. காட்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் தருவித்த பென்ஸ் கார் அது. அதை ஓட்டிய சார்ல்ஸ் பக்லி ஒரு வழக்கறிஞர். சிங்கப்பூரின் பழைய காலத்தைப் பற்றி நூல் எழுதியவரும் அவர்தான். அவருடைய காரை ஊரார் ‘காப்பி மெஷின்’ என்று கேலி செய்தார்களாம். அந்த இரைச்சலுக்குத் தனியாக மணி வேறு எதற்கு என்று நமக்குத் தோன்றலாம்.

ரப்பர் பந்தும் பித்தளை நாக்கும்

மணி நீடிக்கவில்லை. சைக்கிளுக்கும் மணி, வண்டிக்கும் மணி, காருக்கும் மணி என்றால் வருவது எது என்று யாருக்குத் தெரியும்? அதனால் வந்ததுதான் ரப்பர் பந்து ஹாரன். மோட்டாரில் வரும் ரொட்டிக்காரர் ‘பாம் பாம்’ என்று ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பந்தை அமுக்கினால் காற்று ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டைத் தாண்டிப் போகும். அந்தத் தகட்டை நாக்கு என்பார்கள். ஆர்மோனியப் பெட்டிக்குள் இருப்பதும் இதே நாக்குதான். நாக்கு துடிக்கும், புனல் போன்ற பித்தளை வாய் அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கி வெளியே அனுப்பும்.

இதைப் பழுதுபார்க்கப் படிப்பு வேண்டாம். சத்தம் வரவில்லையா? பந்தைக் கழற்றிவிட்டு வாயால் ஊதிப் பாருங்கள். ஒலித்தால் நாக்கு சரி, பந்தில்தான் ஓட்டை. ஒலிக்கவில்லையென்றால் நாக்கில் அழுக்கு ஏறியிருக்கும், அல்லது அது வளைந்திருக்கும். சந்தேகத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சோதித்துத் தள்ளிவிடுவது. பிறகு மீதிப் பாதியை மட்டும் பார்ப்பது. இந்த முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மின்சார ஹாரனுக்கும் இதேதான்.

ஒரு கிளைக்கதை. அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் 1928இல் பாரிஸ் நகரத்தைப் பற்றி ஓர் இசைப்படைப்பு எழுதினார். அதில் நான்கு நிஜ டாக்சி ஹாரன்கள் இசைக்கருவிகளாக வருகின்றன. அவற்றுக்கு அவர் ஏ, பி, சி, டி என்று குறித்திருந்தார். அவை சுரங்களின் பெயரா, வெறும் அடையாள எழுத்துகளா என்று ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டிலும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இசை ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இதைச் சொன்னால் வகுப்பு கலகலப்பாகும்.

கிளாக்சன்: கத்துவதற்கென்றே ஒரு பெயர்

இப்போது அந்தக் கம்பெனிக்கு வருவோம். மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்ற அமெரிக்கர், அலபாமாவில் பிறந்த மின்பொறியியலாளர். அவர் முதலில் பெயர் வாங்கியது காது கேளாதவர்களுக்காக மின்சாரக் கேள்கருவி செய்ததற்கு. இங்கிலாந்து அரசி அலெக்சாண்டிராவும் அந்தக் கருவியைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர். அதே மனிதர்தான் உலகத்தின் காதைப் பிளந்த கிளாக்சன் ஹாரனையும் கண்டுபிடித்தார். முதலில் காதைச் செவிடாக்குகிறார், பிறகு கேள்கருவி விற்கிறார் என்று அந்தக் காலத்திலேயே ஜோக் அடித்தார்களாம்.

1908இல் நியூஜெர்சியின் நியூவர்க் நகரில் லவல் மெக்கானல் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ‘கிரீச்சிடு’ என்ற பொருள் தரும் கிரேக்க வினைச்சொல்லிலிருந்து கிளாக்சன் என்ற பெயரை உருவாக்கினார்கள். உள்ளே வட்டமான ஓர் உலோகத் தகடு, அதன் நடுவில் கெட்டியான ஒரு குமிழ். ஒரு சின்ன மின்மோட்டார் பல்சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் பற்கள் குமிழைத் தட்டத் தட்ட தகடு அதிரும். மோட்டார் வேகம் பிடிக்கும்போது சுருதி ஏறும், பொத்தானை விட்டதும் வேகம் குறைந்து சுருதி இறங்கும். பழைய படங்களில் கேட்கும் ‘அ-ஊ-கா’ இதுதான். மின்சாரம் இல்லாத வண்டிகளுக்குக் கையால் அமுக்கும் வகையும் வந்தது.

தட்டுவதால் வரும் சத்தம் என்பதால், கிளாக்சனை ‘அடித்தார்கள்’ என்று சொன்னால் இலக்கணத்தோடு அறிவியலும் ஒத்துப்போகும். ஹாரன்களிலேயே ‘அடி’ என்ற வினைக்கு முழுத் தகுதி பெற்றது இந்த ஒன்றுதான்.

முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் விஷவாயு வருகிறது என்று எச்சரிக்கக் கிளாக்சன் பயன்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்களில் கடலுக்குள் இறங்கும் நேரத்தை அறிவிக்கவும் அதுவே ஒலித்தது. கம்பெனியின் பெயர் மெல்ல மெல்லப் பொதுப்பெயராகவே ஆனது. பிரெஞ்சில் இன்றும் ஹாரன் என்றால் கிளாக்சன்தான், அதிலிருந்து ஒரு வினைச்சொல்லும் பிறந்துவிட்டது. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில் அது தங்கிப்போனது, ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவில் ‘ஹோன்’ தங்கிப்போனது. யார் ஆண்டார்கள் என்பதை ஹாரனைக் கேட்டே சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

கிளாக்சனும் வீட்டில் பழுதுபார்க்கக்கூடியதுதான். பல்லுக்கும் குமிழுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி, மோட்டாருக்கு எண்ணெய், கார்பன் பிரஷ் தேய்ந்தால் புதியது. ஆனால் விலை அதிகம், கனமும் அதிகம். எளிமையான ஒன்று வந்ததும் அது ஓரம்போக வேண்டியதாயிற்று.

நொடிக்கு 400 முறை

அந்த எளிமையான ஒன்றுதான் இன்றும் உங்கள் காரில் இருப்பது: மின்காந்த ஹாரன். இதன் தத்துவம் காரைவிடப் பழையது. 1831ஆம் ஆண்டையொட்டி ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்க ஆசிரியர் (ஆமாம், நம் இனம்தான்) நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில், வகுப்பறைச் சுவர்களைச் சுற்றி நீளமாகக் கம்பியை இழுத்து, மின்காந்தத்தால் ஒரு மணியை ஒலிக்க வைத்துக் காட்டினார். அந்த வழியில் வளர்ந்ததுதான் வாசலில் ‘டிரிங்’ அடிக்கும் மின்மணி. அந்த மணியின் தம்பிதான் கார் ஹாரன். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1921இல் தன் ஹாரனை அறிமுகம் செய்தது. பிரிட்டிஷ் கார்களில் லூக்காஸ் ஹாரன் பரவலாக வந்தது.

உள்ளே நடப்பதை மாணவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். செம்புக் கம்பிச் சுருள் ஒன்று. அதன் அருகே மெல்லிய எஃகுத் தகடு. மின்சாரம் ஓடினால் சுருள் காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகடு உள்ளே வரும்போதே, மின்சாரம் ஓடும் இரண்டு முனைகளைப் பிரித்துவிடும். மின்சாரம் நின்றது; காந்தம் போனது; தகடு பழைய இடத்துக்குத் துள்ளும். துள்ளியதும் முனைகள் மறுபடி ஒட்டும், மறுபடி இழுக்கும். தன் சோற்றைத் தானே தட்டிவிட்டு, பிறகு பசிக்கிறது என்று தானே தட்டை நிமிர்த்தும் பிள்ளையைப் போல! இது நொடிக்குச் சுமார் 400 முறை நடக்கிறது. அந்தத் துடிப்பைத்தான் நாம் ‘பீப்’ என்று கேட்கிறோம். பல கார்களில் இரண்டு ஹாரன் இருக்கும், ஒன்று கனத்த குரல், மற்றது மெல்லிய குரல். சேர்ந்து ஒலித்தால் தனித்துக் கேட்கும். நத்தை ஓடு மாதிரி சுருண்ட வாய் உள்ளவை ஒருவகை, தட்டையான வட்ட வடிவம் இன்னொருவகை. கோயம்புத்தூரின் ரூட்ஸ் நிறுவனம் இந்த ஹாரன்களைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது என்பது நம் மாணவர்களுக்கு ஓர் உபரிச் செய்தி.

மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற கார்கள் மலாயாச் சாலைகளில் ஓடிய காலத்தில் இந்த ஹாரனைக் கழற்ற ஸ்பேனரும் திருப்புளியும் போதும். பழுதுபார்ப்பவரை நாம் ‘போர்மேன்’ என்கிறோமே, ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு மேற்பார்வையாளர் என்றுதான் பொருள். இந்த நாட்டில்தான் அது கையில் கிரீஸ் படிந்தவரின் பட்டமாக மாறியது. எனக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது.

பழைய கைக்காரர்கள் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வார்கள். பொத்தானை அமுக்கினால் ஒன்றுமே கேட்கவில்லையா? மின்சாரம் ஹாரன்வரை வரவில்லை: ஃபியூஸ், வயர், பொத்தான், எர்த் இந்த நான்கில் ஒன்று. ‘டிக்’ என்று ஒரு தடவை மட்டும் கேட்கிறதா? தகடு இழுபடுகிறது, ஆனால் முனைகள் பிரியவில்லை. அல்லது மின்சாரம் பலவீனமாக வருகிறது. தொண்டை கட்டியவர் மாதிரி கரகரக்கிறதா? தண்ணீரோ துருவோ புகுந்திருக்கிறது. அமுக்காமலே அலறுகிறதா? பொத்தானின் வயர் எங்கோ இரும்பைத் தொடுகிறது. முதலில் வயரைப் பிடுங்கி வாயை அடையுங்கள், அக்கம்பக்கத்தார் திட்டுவதற்குள்!

அடுத்தது, பந்து ஹாரனில் பார்த்த அதே பாதிப் பிரிப்பு. பேட்டரியிலிருந்து இரண்டு வயரை நேராக ஹாரனுக்குக் கொடுப்பார்கள், நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து. ஒலித்தால் ஹாரன் நல்ல ஹாரன், குற்றம் வழியில் இருக்கிறது. ஒலிக்கவில்லை என்றால் ஹாரனின் முதுகிலிருக்கும் சின்னத் திருகாணியைத் தேட வேண்டும். அதைக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒலித்துப் பார்த்து, மறுபடி கால் சுற்று. முனைகளுக்கு இடையிலான தூரத்தைச் சரிசெய்வதுதான் அதன் வேலை. அவசரப்பட்டு முழுச் சுற்று திருகினால் அது எங்கிருந்து கிளம்பியது என்பதே தெரியாமல் போய்விடும். திறக்கக்கூடிய ஹாரன் என்றால் முனைகளில் ஏறிய கரியை நைசான மணல் தாளால் தேய்ப்பார்கள்.

எர்த் பிரச்சினையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் மழைக்கு அதிகம் வருவது அதுதான். பல கார்களில் ஹாரனுக்கு மின்சாரம் எப்போதும் தயாராக நிற்கும். பொத்தான் அதைக் காரின் உடம்போடு, அதாவது இரும்போடு, சேர்த்துவிடும் வேலையை மட்டும் செய்யும். வழியில் எங்காவது துரு இருந்தால் சுற்று முழுமையாகாது. பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் ஸ்டீயரிங் தண்டின் நடுவே அதிர்வைக் குறைக்க ஒரு ரப்பர் இணைப்பு இருக்கும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே அதைத் தாண்ட ஒரு துண்டு வயரைப் பாலம்போலப் போட்டிருப்பார்கள். அந்த வயர் அறுந்தால் ஹாரன் ஊமை. விஷயம் தெரியாதவர் நல்ல ஹாரனைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவார். தெரிந்தவர் சில காசு வயரில் முடித்துவிடுவார்.

இரவு 11.30 முதல் காலை 7 வரை

சத்தம் பெருகினால் சண்டையும் பெருகும். 1906இலேயே நியூயார்க்கில் ஜூலியா பார்னெட் ரைஸ் என்ற பெண்மணி தேவையற்ற இரைச்சலுக்கு எதிராக ஒரு சங்கமே தொடங்கினார். ஆனால் அவர் முதலில் எதிர்த்தது ஆற்றுப் படகுகளின் விசில்களை.

பிரிட்டனில் 1934 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு அங்கே சாலையில் இறந்தவர்கள் 7,343 பேர். போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர் பெலிஷா இரண்டு காரியம் செய்தார். லண்டனில், சேரிங் கிராஸிலிருந்து 5 மைல் சுற்றளவுக்குள், இரவு 11.30 முதல் காலை 7 மணிவரை ஹாரன் அடிக்கத் தடை விதித்தார். அது பிறகு மக்கள் குடியிருக்கும் பகுதிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது. இரண்டாவது, பாதசாரிகள் கடக்கும் இடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பமும் உச்சியில் ஆரஞ்சு நிறக் குண்டும் வைத்தார். அவர் பெயராலேயே அவற்றைப் பெலிஷா விளக்கு என்கிறார்கள். சிங்கப்பூரின் வரிக்குதிரைக் கடவைகளில் இன்றும் மினுக்குவது அதன் வாரிசுதான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்களேன். ஒரு கையால் ஓட்டுநரின் வாயை மூடுகிறார், மறு கையால் நடப்பவருக்கு இடம் ஒதுக்குகிறார். ‘ஹாரன் அடிச்சேனே’ என்ற வாதத்துக்கு அரசாங்கமே சொன்ன முதல் பெரிய மறுப்பு அது என்று நான் நினைக்கிறேன். 1954இல் பாரிஸும் ஹாரனை அடக்கியது. 1968இல் வியன்னாவில் உருவான அனைத்துலகச் சாலை ஒப்பந்தம், ஊருக்குள் விபத்தைத் தவிர்க்க மட்டுமே ஹாரன் என்று வரையறுத்தது. முன்னால் நிற்பவர் பச்சை விளக்கு விழுந்த அரை நொடியில் நகரவில்லை என்பது விபத்தில் சேராது.

அதற்காக ஹாரன் வேண்டாத பொருள் என்று யாரும் சொல்லவில்லை. நம் நாட்டில் ஓட்டுநர் தேர்வுக்குப் போகிறவர் ஆர்பிகே சோதனையில் ஹாரனையும் ஒலித்துக் காட்ட வேண்டும். பின்னோக்கி வரும் லாரிக்குப் பின்னால் ஒரு குழந்தை நிற்கும்போது, கைக்கு எட்டும் ஒரே குரல் அதுதான். ஊமை ஹாரனோடு ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஓட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மின்சாரக் கார்கள் ஓசையில்லாமல் வருகின்றன என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் புதிய மாதிரிகளுக்கும் 2021 முதல் எல்லாப் புதிய மின்சார, ஹைபிரிட் கார்களுக்கும், குறைந்த வேகத்தில் தானாகவே ஒலியெழுப்பும் கருவியைக் கட்டாயமாக்கியது. 1896இன் மணி திரும்பி வந்துவிட்டது, ஆனால் அதை ஓட்டுநர் அடிக்க வேண்டியதில்லை.

இன்று வீட்டில் எதுவரை போகலாம்?

ரிலே வந்ததும் வேலை கொஞ்சம் மாறியது. இரண்டு ஹாரன் சேர்ந்தால் 10 ஆம்பியர் அளவுக்குக்கூட மின்சாரம் இழுக்கும். அவ்வளவையும் ஸ்டீயரிங் பொத்தான் வழியாக அனுப்பினால் பொத்தான் கருகும். ஆகவே பொத்தான் ரிலேக்கு ஒரு சின்னச் சைகை மட்டும் கொடுக்கும். பெரிய மின்சாரத்தை ரிலே திறந்துவிடும். முதலாளி கண்ணைக் காட்டினால் கங்காணி கத்துவதைப் போல என்று ஒரு மாணவன் வகுப்பில் சொன்னான். அவன் அப்பா ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். என் விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

இதைச் சோதிக்க எளிய வழி: ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஹாரன் ஒலித்தால் பழைய ரிலேதான் குற்றவாளி. ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே அளவுள்ளதையே போடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயராக இருக்கும். இதுவரை யாரும் செய்யலாம்.

ஸ்டீயரிங்கை மட்டும் தொடாதீர்கள். 1981இல் மெர்சிடிஸ் எஸ் வரிசைக் கார்களில் விற்பனைக்கு வந்த காற்றுப்பை, இப்போது சின்னக் கார்களின் ஸ்டீயரிங் நடுவிலும் இருக்கிறது. ஹாரன் பொத்தானுக்குப் பின்னாலேயே, கண்ணிமைக்கும் நேரத்தில் அந்தப் பையை ஊதவைக்கும் வெடிமருந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் சுற்றினாலும் அறுந்துபோகாத சுருள்நாடா வயர் ஒன்று இரண்டுக்கும் சேர்த்து ஓடும். போர்மேன்கள் அதைக் ‘கிளாக் ஸ்பிரிங்’ என்பார்கள். ஹாரனும் ஊமையாகி, மீட்டர் பலகையில் காற்றுப்பை விளக்கும் எரிந்தால் பெரும்பாலும் அந்த நாடாதான் போயிருக்கும். அது போர்மேன் வேலை. பழைய தைரியம் இங்கே உதவாது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. திருகாணி போட்டு மூடிய ஹாரன் போய், ஓரத்தை மடித்து நிரந்தரமாக அடைத்த ஹாரன் வந்துவிட்டது. திறக்க முடியாததைப் பழுதுபார்ப்பது எப்படி? புதியதன் விலையும் குறைவு, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதனால் தமிழில் நாம் இழப்பது ஒன்று உண்டு. ‘முனை தேய்ஞ்சிருக்கு’, ‘எர்த் அடிக்குது’, ‘கால் சுத்து விடு’, ‘நாக்கு ஒட்டிக்கிச்சு’ என்றெல்லாம் வீட்டு வாசலில் பிள்ளைகள் காதில் விழுந்துகொண்டிருந்த தமிழ் இப்போது விழுவதில்லை. விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் ‘முதலில்’, ‘பின்னர்’, ‘இறுதியாக’ என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களிடம் இணைப்புச் சொல் இருக்கிறது, இணைக்க வேண்டிய வினை இல்லை. கழற்று, நெம்பு, தளர்த்து, முடுக்கு, உரசு, சுரண்டு, பொருத்து: இந்த ஏழையும் கரும்பலகையில் எழுதி, எந்த வேலையை எந்தப் பொருளுக்குச் செய்வோம் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் லாரி ஓட்டுகிறவரோ போர்மேனோ இருக்கும் பிள்ளைகள், மற்ற நாளில் வாய் திறக்காதவர்கள்கூட, அன்று கையைத் தூக்குவார்கள்.

புது ஹாரன் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். மேல்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் தேங்கும். நத்தை வடிவ ஹாரன் என்றால் குளவிகூடக் கூடு கட்டிவிடும். மாட்டி முடித்ததும் ஒலித்துப் பார்க்கப் பகல் நேரமே நல்லது. வரிசை வீட்டில் இரவு 11.30க்கு அடித்தால் தடுக்க ஹோர் பெலிஷா வரமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் வருவார்.